பச்சை உடம்பு தேற: பிரசவத்துக்குப் பின் முதல் நாள் முதல் ஆறு மாதம் வரை

பிள்ளை பெற்றவளை நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரி என்பார்கள். பச்சைப் புண் என்கிறோமே, அந்தப் பச்சை. பாட்டிமார் வைத்த பெயர்தான், ஆனால் உள்ளே நடப்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்த இடத்தில் கர்ப்பப்பையின் உட்சுவர் திறந்த காயமாக இருக்கிறது. சுகப்பிரசவமோ சிசேரியனோ, இந்தக் காயம் எல்லோருக்கும் உண்டு. பிரசவம் முடிந்த கையோடு ஏறக்குறைய 1 கிலோ இருக்கும் கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கியாக வேண்டும். இவ்வளவு வேலையை உடம்பு செய்யும்போது நாம் அதற்குக் கொடுக்க வேண்டியவை ஓய்வு, தண்ணீர், சாப்பாடு, அளவான நடை. நம் பேறுகாலப் பழக்கங்களில் ஓய்வு தாராளமாகக் கிடைக்கிறது. மற்ற மூன்றும் பல வீடுகளில் மறுக்கப்படுகின்றன.

எனக்கு முதல் பிரசவம் சுகப்பிரசவம், தையலோடு. இரண்டாவது சிசேரியன். முதல் முறை, ‘தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், ஜன்னி கண்டுடும்’ என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீருக்கு மேல் யாரும் தரவில்லை. ஐந்தாம் நாள் மலம் இறுகி, தையலில் உயிர் போகும் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். என் அம்மா என்மேல் வைத்த பாசத்தில் குறையே இல்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லியிருந்தார்கள். அடுத்து பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணும், அவளைக் கவனிக்கப்போகும் அம்மாவும் மாமியாரும் கணவரும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அபாய அறிகுறிகள்

கட்டுரையைப் பாதியில் விட்டாலும் இதைப் படித்துவிட்டு விடுங்கள். கீழே சொல்பவற்றில் ஒன்று வந்தாலும் ‘விடியட்டும் பார்ப்போம்’ என்று இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய நாப்கின் முழுதாக நனைகிறது, அல்லது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டிகள் விழுகின்றன. 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், குளிர் நடுக்கம், தீட்டுப் போக்கில், அதாவது பிரசவத்துக்குப் பின் சில வாரம் வரும் இரத்தப் போக்கில், கெட்ட நாற்றம். விடாத தலைவலி, கண் மங்குவது, கண்முன் பொறி பறப்பது, மேல்வயிற்றில் வலி. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம். வலிப்பு. தையல் விட்டுப்போவது, சீழ் வடிவது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம்.

தலைவலி பற்றிக் கூடுதலாக ஒன்று. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் சரியாக இருந்தவருக்கும், பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை அது திடீரென ஏறி வலிப்பில் கொண்டுபோய்விடலாம். ‘தூக்கம் இல்லாததால் தலைவலி’ என்று தைலம் தேய்த்துப் படுக்கவைக்காமல் அழுத்தத்தை அளந்து பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 160/110 என்றால் அவசர நிலை.

ஜன்னி என்று நம் ஊரில் பயப்படுவது கற்பனை நோய் இல்லை. அந்தக் காலத்தில் அந்தப் பெயரில் நடந்த சாவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் கர்ப்பப்பையில் கிருமித் தொற்றோ இந்த இரத்த அழுத்த வலிப்போதான் இருந்திருக்கும். இரண்டுக்கும் குடிதண்ணீருக்கும் சம்பந்தமே கிடையாது.

முதல் 24 மணி நேரம்

செவிலியர் வந்து வயிற்றை அழுத்திப் பார்ப்பார், வலிக்கும். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறார். இறுகாமல் தளர்ந்திருந்தால் இரத்தம் கொட்டும். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுவது குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் மருந்து. பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்குகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் மாதவிடாய் வலி மாதிரி இழுப்பது இதனால்தான். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இந்த வலி கூடுதலாகவே இருக்கும், சில நாளில் போய்விடும்.

சுகப்பிரசவம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்துவிட வேண்டும். வரவில்லை என்றால் வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. முதல் தடவை எழுந்து போகும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும், தலை சுற்றும்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் குறைந்தது 24 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு முறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒரு முறை, ஆறாம் வாரம் ஒரு முறை என்று குறைந்தது மூன்று பரிசோதனை வேண்டும் என்பது 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. கிராமத்தில் இருந்தால் நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போது குழந்தையின் எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், உங்கள் தையலையும் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தீட்டுப் போக்கு எப்படி இருக்க வேண்டும்

முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு. பிறகு பத்து நாள் வாக்கில் வரை பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. அப்புறம் மஞ்சள் கலந்த வெள்ளை, நான்கு முதல் ஆறு வாரம் வரை. நிறம் வெளுத்துக்கொண்டே போவதுதான் நல்ல அடையாளம். வெளுத்த பிறகு மீண்டும் சிவப்பாக வந்தால், பல சமயம் நீங்கள் அன்று அதிகமாக ஓடியாடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நாள் படுத்து ஓய்வெடுத்துப் பாருங்கள், குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

நாப்கினை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பழைய துணி பயன்படுத்துபவர்கள் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில், திறந்த வெளியில் காயவைக்க வேண்டும். மறைவாகப் புடவைக்கு அடியில் காயப்போடும் வழக்கம்தான் தொற்றைக் கொண்டுவருகிறது.

கீழே தையல் போட்டிருந்தால்

முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் குறையும். இரண்டாம் நாளிலிருந்து அகலமான டப்பில் இடுப்பு நனையும் அளவு வெதுவெதுப்பான நீர் விட்டு, தினம் இரண்டு மூன்று முறை பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மஞ்சள், வேப்பிலை, டெட்டால் எதுவும் வேண்டாம், வெறும் நீர் போதும். ஒவ்வொரு முறை கழிப்பறை போனபின்னும் முன்னாலிருந்து பின்னால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். சிறுநீர் எரிந்தால், கழிக்கும்போதே ஒரு சொம்பு வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றிக்கொள்ளுங்கள்.

கரையும் நூல்தான் பெரும்பாலும் போடுகிறார்கள், சில வாரத்தில் தானாக விழுந்துவிடும். மலம் போகும்போது தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து அடக்கிக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். அடக்க அடக்க இறுகும். தண்ணீர், கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. முக்காமல் போவதற்கு ஒரு வழி: சுத்தமான நாப்கினைத் தையல்மேல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், அந்தத் தாங்கல் பெரிய ஆறுதல். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஒரு சிறிய முக்காலி போட்டு முட்டியை உயர்த்திக்கொள்ளுங்கள்.

சிசேரியன் என்றால்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அப்படியிருந்தும் அதை ‘வலி இல்லாம பெத்துக்கிட்டா’ என்று பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல், கொழுப்பு, தசையுறை, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காக அறுத்துத் தைத்த பெரிய அறுவை சிகிச்சை அது. வேறு எந்த ஆபரேஷன் ஆனவரையும் இரவெல்லாம் விழித்துப் பிள்ளை தூக்கச் சொல்ல மாட்டோம்.

மருத்துவர் அனுமதித்ததும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், எழுந்து நடக்க வேண்டும். காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை அதிகம். படுத்தே கிடப்பது அதைக் கூட்டும். படுத்திருக்கும் நேரத்திலும் கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருங்கள்.

எழும் விதம் முக்கியம். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழவே கூடாது. முட்டியை மடக்கி, உடம்பை ஒரே கட்டையாக ஒரு பக்கம் உருட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். தும்மல், இருமல், சிரிப்பு வந்தால் ஒரு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடியுங்கள். பால் கொடுக்கும்போது குழந்தையின் கால் தையலில் படாமல், கக்கத்துக்கு அடியில் குழந்தையை வைத்துப் பிடித்தோ, பக்கவாட்டில் படுத்துக்கொண்டோ கொடுக்கலாம். வலி மாத்திரையைத் தவிர்க்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரைதான் எழுதித் தருவார்கள். வலியோடு இருப்பவர் நடக்கவும் மாட்டார், பால் கொடுக்க உட்காரவும் மாட்டார்.

ஆறு வாரம் வரை குழந்தையின் எடையைவிட அதிகமான எதையும் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், மூத்த பிள்ளை எல்லாம் இதில் சேர்த்தி. மூத்தது ஏங்கும், தெரியும். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மடிக்கு ஏறிவரச் சொல்லுங்கள்.

மரத்துப்போக முதுகுத்தண்டில் போட்ட ஊசியால் காலமெல்லாம் முதுகு வலிக்கும் என்ற பேச்சு சரியில்லை. முதுகு வலி சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் வருகிறது. ஆனால் உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் குறையும் தலைவலி முதல் சில நாளில் வந்தால் அது அந்த ஊசி தொடர்பானதாக இருக்கலாம். மருத்துவமனையில் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு.

பத்தியம்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

பேறுகாலச் சமையல் என்று நம்மிடம் இருப்பது ஒரு செல்வம். பூண்டுக் குழம்பு, பால் சுறா புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், உளுந்தங்களி, கொங்குப் பக்கத்துச் செலவு ரசம், யாழ்ப்பாணத்தில் சரக்கு அரைத்து வைக்கும் பத்தியக் கறி. புரதமும் இரும்பும் நல்ல எண்ணெயும் சேர்ந்த சாப்பாடு இது. சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் பிரசவ லேகியத்தையும் நெல்லிக்காய் அளவு சாப்பிடுவதில் தவறில்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மாருக்குத் தந்த அம்மா பரிசுப் பெட்டகத்திலேயே சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் மட்டும் லேகியத்தின் இனிப்பைக் கணக்கில் வையுங்கள். பெயர், உரிம எண் இல்லாத பொட்டலத்தை யார் நல்லதென்று கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

விட வேண்டியவை: தண்ணீர் கட்டுப்பாடு, ஒரு வேளைச் சாப்பாடு, பழம் கூடாது என்பது, ‘பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்’ என்பது. சீழ் கிருமியால் வருகிறது. பருப்பில் இருக்கும் புரதம்தான் காயத்தை மூடுகிறது. ஆரஞ்சும் கொய்யாவும் குழந்தைக்குச் சளி பிடிக்கவைக்காது. முழுக்கப் பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சாம்பாரோடு இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், இதுதான் ஏறக்குறைய 600 கலோரி. வழக்கமான மூன்று வேளைக்கு மேல் இது. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். தாகத்துக்குக் குடியுங்கள். அறை வெப்பத் தண்ணீரே போதும், வெந்நீர் பிடித்தால் வெந்நீர்.

மாத்திரையை மறந்துவிடாதீர்கள். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காபி, டீ, பால் இவற்றோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. கால்சியம் மாத்திரையையும் வேறு வேளையில் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறது, மாடி ஏறினால் படபடப்பு என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். ‘பிள்ளை பெத்த அசதி’ என்று தள்ளிவிடுவது பல சமயம் இரத்தசோகையாக இருக்கும்.

வெந்நீர்க் குளியலும் வயிற்றுக்கட்டும் அடுத்து. வெதுவெதுப்பான நீரில் தினமும் குளிக்கலாம், சிசேரியன் ஆனவர்களும்தான், காயத்தில் தண்ணீர் படலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு. கொதிக்கும் நீரை வயிற்றில் ஓங்கி அடிப்பது வேண்டாம், கர்ப்பப்பை அதனால் சுருங்குவதில்லை. காயத்தை நன்றாக ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள், மஞ்சள்பொடியோ பவுடரோ தூவாதீர்கள். சாம்பிராணிப் புகை குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது, குழந்தை இருக்கும் அறையில் போட வேண்டாம். பழைய காட்டன் புடவையை வயிற்றில் கட்டுவது நடக்கும்போது ஒரு பிடிமானம் தரும். ஆனால் மூச்சை முழுதாக இழுக்க முடிகிற தளர்வில்தான் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் முழுக்கக் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்த தசைகளை இன்னும் தள்ளும். கட்டுவதால் தொப்பை கரையாது.

பால் கட்டினால்

மூன்றாம் நான்காம் நாளில் மார்பு கல்லாகிவிடும். அடிக்கடி கொடுப்பதுதான் வைத்தியம். கொடுக்கும் முன் சிறிது பீய்ச்சிவிட்டால் காம்புப் பகுதி இளகி, குழந்தை சரியாகக் கவ்வும். கொடுத்தபின் குளிர்ந்த துணி வையுங்கள். காம்பு மட்டும் வாயில் இருந்தால் வெடிக்கும். கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள், ஆனால் அந்தப் பக்கமும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

இடுப்புத் தளம்

இது பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தொட்டில் துணி மாதிரி தாங்கும் தசைகள் உண்டு. கர்ப்பத்தின் பாரமும் பிரசவமும் அந்தத் துணியைத் தளர்த்திவிடுகின்றன. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிவது, கீழே எதுவோ இறங்குவது போன்ற கனம், வாயுவை அடக்க முடியாமை, எல்லாம் இதன் விளைவு. ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பயிற்சியில் சரியாகும்.

வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். அதுதான் அந்தத் தசை. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. முதலில் மூன்று விநாடி பிடித்து, அதே அளவு முழுதாக விடுங்கள். வாரம் போகப் போகப் பத்து விநாடி வரை கொண்டுபோங்கள். பத்து முறை, தினம் மூன்று வேளை. பிறகு படபடவென்று இழுத்து விடுவது பத்து. சுகப்பிரசவமானால் வலி பொறுக்கும் அளவுக்கு ஒன்றிரண்டு நாளிலேயே மெல்லத் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள், சிறுநீர் போக வைத்த டியூபை எடுத்த பிறகு. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். உண்மையாகவே சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள், சிறுநீர்ப்பைக்குக் கெடுதல். பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

வயிறு

கர்ப்பத்தில் நடுவயிற்றுத் தசை இரண்டாகப் பிரிந்து விலகும். முதல் எட்டு வாரத்தில் பெருமளவு தானாகக் கூடும். பார்க்கும் முறை: மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தொப்புளுக்கு மேல் விரல்களை வைத்து, தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். இரு பக்கத் தசைக்கும் நடுவே எத்தனை விரல் இறங்குகிறது? எட்டு வாரத்துக்குப் பிறகும் இரண்டு விரலுக்கு மேல் இருந்தாலோ, வயிறு நடுவில் கூம்பாகப் புடைத்தாலோ பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அதுவரை எழுந்து உட்காரும் வகைப் பயிற்சிகள் வேண்டாம், இடைவெளியைக் கூட்டும்.

செய்யக்கூடியது: மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தொப்புளை முதுகெலும்பு நோக்கி உள்ளிழுத்து, மெல்ல விடுவது. இரண்டு மூன்று வாரம் கழித்து, படுத்துக்கொண்டு ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குவது, பிறகு இடுப்பைத் தூக்கிப் பாலம் போல நிற்பது. சிசேரியன் என்றால் தையல் ஆறியபின் தொடங்குங்கள். நடை முதல் வாரத்தில் வீட்டுக்குள்ளேயே. பிறகு தெருமுனை வரை, அப்புறம் அரை மணி நேரம். ஓட்டம், குதிப்பது, ஜிம் எடையெல்லாம் 12 வாரத்துக்கு முன் வேண்டாம், கசிவோ கனமோ இருந்தால் அதன் பிறகும் பொறுங்கள்.

ஆறாம் வாரப் பரிசோதனை

குழந்தையின் தடுப்பூசிக்குப் போகிறோமே, அன்றே உங்களையும் காட்டிவிட்டு வாருங்கள். இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தையல், கர்ப்பப்பை சுருங்கியிருப்பது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று நினைத்து விடுபவர்கள்தான் அதிகம்.

தாம்பத்தியம் எப்போது என்றும் அன்றே கேளுங்கள். போக்கு நின்று, தையல் ஆறி, உங்களுக்கு மனம் இருந்தால் மட்டும். பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் குறைவால் வறட்சி இருக்கும், அது விருப்பக் குறைவு இல்லை என்று கணவருக்குச் சொல்லுங்கள். மாதவிடாய் வருவதற்கு முன்பே கரு உண்டாகலாம். பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாய் திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதமும் ஆகாமல், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பால் கொடுப்பதையே கருத்தடையாக நம்பலாம். அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது இடைவெளி கொடுங்கள்.

மனம் பற்றியும் ஒரு வரி. மூன்றாம் ஐந்தாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பொதுவானது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மூன்று மாதம், ஆறு மாதம்

மூன்றாம் மாதம் வாக்கில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடிதான் அது. ஒரு வருடத்துக்குள் திரும்ப வளரும், விலை கூடிய எண்ணெய் எதுவும் தேவையில்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி, குழந்தையைக் கக்கத்தில் கைவிட்டுத் தூக்குவதால் வரும். உள்ளங்கையை அடியில் கொடுத்து அள்ளுங்கள். கடும் சோர்வு, படபடப்பு, காரணமில்லாமல் எடை ஏறுவது இறங்குவது இருந்தால் தைராய்டு பாருங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வருடத்தில் அது தடம்புரள்வது உண்டு.

ஆறு மாதம் ஆகியும் கசிவு நிற்கவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, இடுப்புத் தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். எத்தனை வருடம் கழித்துத் தொடங்கினாலும் பயன் உண்டு. என் அத்தை இருபது வருடமாகத் தும்மல் வரும்போதெல்லாம் காலைப் பின்னிக்கொண்டு நிற்பார், கல்யாண வீடுகளில் தண்ணீர் குடிக்கவே மாட்டார். நான் இரண்டாவது பிரசவத்துக்குப் பின் பயிற்சி செய்வதைப் பார்த்து, ‘இது எனக்கும் ஆகுமா?’ என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு அப்போது 55 வயது. நான்கு மாதம் என்னோடு சேர்ந்து செய்தார். இப்போது பஸ்ஸில் மதுரைக்குப் போய் வருகிறார்.